இதுக்கு பேட்டன்ட் கிடைக்குமா மச்சான்?

இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்காத சொந்தக்காரங்க கம்மி. நான் பார்க்கிற வேலை அப்படி. இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சுட்டு, ஏதேதோ சுத்திட்டு, கடைசியில வந்து உட்கார்ந்தது பேட்டன்ட் தேடல் வேலையில். யாராவது ஒருத்தர் ஒரு கண்டுபிடிப்போட வந்தா, அதை உலகத்துல வேற எவனாவது முன்னாடியே பண்ணி வெச்சிருக்கானான்னு தோண்டித் துருவிச் சொல்றதுதான் என் பிழைப்பு. சுருக்கமாச் சொன்னா, அடுத்தவங்க கனவுல மண்ணைப் போடறது :-)

நான் வக்கீல் இல்லை, பேட்டன்ட் ஏஜென்டும் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். கீழே எழுதறது ஒரு தேடல்காரனோட பார்வை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை கேட்டது என் வீட்டுக்காரியோட தம்பி. திருப்பூர்ல ஆறு நிட்டிங் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்றான். பாலிடெக்னிக் எலெக்ட்ரானிக்ஸ். சால்டரிங் அயர்னைக் கையில எடுத்தா சோறு தண்ணி மறந்துடுவான். போன்ல, "மச்சான், ஒரு சென்சார் பண்ணியிருக்கேனுங்க. பேட்டன்ட் போட்டே ஆகோணும். பேங்க்ல நகையை வெக்கலாம்னு இருக்கேன். நீங்க கிடைக்கும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னான். நகைன்னதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா அது அவன் பொண்டாட்டி நகை. அந்தப் புள்ள வாயைத் திறந்து எதுவும் சொல்லாது. ஆனா என்னை ஒரு பார்வை பார்க்கும்.

முதல்ல அவன் என்ன பண்ணியிருக்கான்னு சொல்லிடறேன்.

வட்ட நிட்டிங் மிஷின் பார்த்திருப்பீங்க. சிலிண்டர் சுத்தச் சுத்த துணி குழாய் மாதிரி கீழே இறங்கும், ரோல் ஆகும். நடுவுல ஒரு ஊசி உடைஞ்சா துணி நெடுக ஒரு கோடு விழும். நூல் விட்டா ஓட்டை. ஆப்பரேட்டர் கவனிக்கறதுக்குள்ள பத்துப் பதினைஞ்சு மீட்டர் ஓடிடும். அந்த ரோலுக்குக் கூலியும் கிடைக்காது, நூல் காசையும் பிடிச்சுக்குவாங்க. இதைப் பிடிக்கறதுக்கு வெளிநாட்டு சென்சார் எல்லாம் எப்பவோ வந்தாச்சு. துணி மேல வெளிச்சம் அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சம் மாறினா மிஷினை நிறுத்தும். பிரச்சினை என்னன்னா பஞ்சு. நிட்டிங் ஷெட்டுல மூச்சு விட்டாலே மூக்குல பஞ்சு. அது லென்ஸ் மேல படிஞ்சா வெளிச்சம் குறையும், சென்சார் ஓட்டைன்னு நினைச்சு மிஷினை நிறுத்தும். ராத்திரி ஷிப்ட்ல நாலு தடவை சும்மா நின்னா, அஞ்சாவது தடவை ஆப்பரேட்டர் சென்சார் ஒயரையே பிடுங்கி விட்டுடுவார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

நம்ம ஆள் செஞ்சது மூணு காரியம். ஒண்ணு, ஒரு எல்இடிக்குப் பதிலா ரெண்டு: சிவப்பு, அகச்சிவப்பு. துணிக்கு உள்பக்கம், மேலிருந்து தொங்கற மாதிரி நீலப் பெயின்ட் அடிச்ச ஒரு தகடு. வெள்ளைத் துணி ரெண்டு வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பும். ஓட்டை வந்தா பின்னால இருக்கிற நீலத் தகடு தெரியும், அது சிவப்பை முழுங்கிடும், அகச்சிவப்பை அவ்வளவா முழுங்காது. ஆக ரெண்டுக்கும் உள்ள விகிதம் மாறும். லென்ஸ் மேல பஞ்சு படிஞ்சா? ரெண்டும் ஒரே அளவுல குறையும், விகிதம் மாறாது. வெளிச்சத்தோட அளவைப் பார்க்காம விகிதத்தை மட்டும் பாரு, பஞ்சு தானா கணக்குல இருந்து விழுந்துடும். ரெண்டாவது, சென்சார் மூஞ்சியில காத்து ஊதற ஒரு சின்ன நாசில். மூணாவதை அப்புறம் சொல்றேன், ஏன்னா அவனே அதை என்கிட்ட கடைசியாத்தான் சொன்னான். அது பெரிய விஷயம்னே அவனுக்குத் தோணலை.

அவனுக்குப் பெருமை எல்லாம் அந்த ரெண்டு வெளிச்சத்து மேலதான். "உலகத்துல யாரும் இப்படிப் பண்ணலைங்க மச்சான்"னான்.

"உன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல இருக்கு பாரு, கொரோனா டைம்ல வாங்கின ஆக்சிமீட்டர். அதைத் திறந்து பாரு மாப்ள"ன்னேன்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் கதை உங்களுக்குத் தெரியுமா? எங்க தொழில்ல இது புராணம் மாதிரி. ஜப்பான்ல நிஹோன் கோஹ்டென்னு ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி. அங்கே தகுவோ அவோயாகின்னு ஒரு இன்ஜினியர். 1970கள் ஆரம்பத்துல அவர் செய்யப் போனது வேற வேலை. ரத்தத்துல சாயம் செலுத்தி, காது வழியா வெளிச்சம் அனுப்பி, இதயம் எவ்வளவு ரத்தம் பம்ப் பண்ணுதுன்னு அளக்கிற கருவி. நாடித்துடிப்பு வந்து அளவைக் கெடுத்துக்கிட்டே இருந்தது. அந்தத் துடிப்பை ஒழிக்கறதுக்காக ரெண்டாவது ஒரு அலைநீளத்தைச் சேர்த்துக் கழிச்சுப் பார்த்தார். சரியாத்தான் கழிஞ்சது. ஆனா ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா மட்டும் கழியாம மிச்சம் நின்னது. அங்கேதான் மனுஷனுக்குப் பொறி தட்டியிருக்கு. ஒழிக்க நினைச்ச துடிப்பே ஆக்சிஜன் அளவைச் சொல்லுதே! விரலோ காதோ, தோல் தடிமன், எலும்பு எல்லாம் துடிக்காது, தமனி ரத்தம் மட்டும்தான் துடிக்கும். துடிக்கிற பங்கை மட்டும் ரெண்டு வெளிச்சத்துலயும் எடுத்து விகிதம் பார்த்தா மத்ததெல்லாம் பெரும்பாலும் கழிஞ்சு போயிடும். இன்னைக்கு நம்ம வீட்டுல கிடக்கிற ஆக்சிமீட்டர்லயும் 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு, அதே விகிதம்தான். (கறுப்புத் தோல்ல அளவு கொஞ்சம் கூடுதலாக் காட்டுதுன்னு 2020ல வந்த ஆய்வு தனிக்கதை. "மத்ததெல்லாம் கழிஞ்சு போகும்"னு சொன்னதுல ஒளிஞ்சிருந்த ஓட்டை அது.)

இதுல பேட்டன்ட்காரங்க சொல்லிச் சொல்லி மாயற பகுதி தேதிகள். அவோயாகி, சக ஊழியர் மிச்சியோ கிஷி ரெண்டு பேரையும் கண்டுபிடிப்பாளர்களாப் போட்டு ஜப்பான்ல விண்ணப்பம் போனது 1974 மார்ச் 29. மினோல்டா, ஆமாங்க கேமரா கம்பெனிதான், அதே யோசனையைத் தனியாக் கண்டுபிடிச்சு விண்ணப்பம் போட்டது 1974 ஏப்ரல் 24. இருபத்தாறு நாள் வித்தியாசம்! ஜப்பான்ல மினோல்டாவுக்குக் கிடைக்கலை. ஆனா நிஹோன் கோஹ்டென் வெளிநாட்டுல விண்ணப்பிக்கவே இல்லை, மினோல்டா அமெரிக்காவுல போட்டு 1976ல வாங்கிடுச்சு. யோசனை அவோயாகியோடது, அமெரிக்க பேட்டன்ட் மினோல்டாவோடது. அவோயாகி 2020 ஏப்ரல்ல காலமானார். உலகமே ஆக்சிமீட்டரைத் தேடி ஓடிக்கிட்டிருந்த அதே மாசம்.

இந்தச் சின்னக் கருவியைச் சுத்தி நடக்கிற சண்டை இன்னும் ஓயலை. 2023 அக்டோபர்ல, மாசிமோ கம்பெனி பேட்டன்டுகளை மீறினதாச் சொல்லி, ஆக்சிஜன் பார்க்கிற ஆப்பிள் வாட்ச் மாடல்களை இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு அமெரிக்க வர்த்தகக் கமிஷன் உத்தரவு போட்டது. கவனிங்க, "ரெண்டு வெளிச்சத்து விகிதம்"ங்கிற அடிப்படை இப்போ யாரோட சொத்தும் இல்லை. இப்போ சண்டை எல்லாம் சென்சாரை எப்படி வடிவமைச்சே, கையோட எப்படிப் பொருத்தினேங்கிறதுல.

மாப்ளைக்கு இதைச் சொன்னதும் போன்ல அமைதி. "அது மெடிக்கலுங்களே மச்சான், இது துணிங்களே?"ன்னான்.

நல்ல கேள்வி. நம்ம சட்டத்துல கண்டுபிடிப்புன்னா மூணு சல்லடை. புதுசா இருக்கணும், தொழிலுக்குப் பயன்படணும், நடுவுல ஒண்ணு இருக்கு, அதுதான் வில்லன்: அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தருக்கு வெளிப்படையாத் தோணாததா இருக்கணும். துணிக்கு யாரும் இதைப் போடலைன்னே வெச்சுக்குவோம், முதல் சல்லடை தாண்டியாச்சு. ஆனா சென்சார் டிசைன் பண்ற ஒரு சராசரி ஆள்கிட்ட, ஜீனியஸ்கிட்ட இல்லை, சராசரி ஆள்கிட்ட, "லென்ஸ் அழுக்காகுது, என்ன பண்ணலாம்?"னு கேட்டா, "ரெண்டு அலைநீளம் போட்டு விகிதம் எடு"ன்னு டீ குடிச்சுக்கிட்டே சொல்லிடுவான். சூட்டை அளக்கிற ரெண்டு நிற பைரோமீட்டர், காகித ஈரப்பதம் அளக்கிற அகச்சிவப்புக் கருவின்னு எத்தனையோ இடத்துல இதே வித்தை ரொம்ப காலமா ஓடுது.

இந்த இடத்துல எங்க ஆளுங்க எப்பவும் இழுக்கிற ஒரு வழக்கு இருக்கு. மிர்சாபூர் பாத்திர வழக்கு. பாத்திரம் கடையும்போது அதை லேத்துல பிடிச்சு வைக்கிற ஒரு அமைப்புக்கு பேட்டன்ட். இன்னொரு பாத்திரக் கம்பெனி எதிர்த்து, கடைசியில 1978ல சுப்ரீம் கோர்ட் அந்த பேட்டன்ட் செல்லாதுன்னுடுச்சு. ஏற்கெனவே இருக்கிறதைப் பட்டறையில கொஞ்சம் மெருகேத்தினது கண்டுபிடிப்பு ஆகாது, அதுக்கு மேல ஒரு படி வேணும்ங்கிறது சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும், ஆனா படிக்கும்போதெல்லாம் ஒரு சங்கடமும் வரும். நம்ம ஊர்ல கண்டுபிடிக்கிறவன் எல்லாம் பட்டறைக்காரன்தானே?

நாலு ராத்திரி தேடினேன். ஆபீஸ் தேடல் இல்லை, வீட்டுல உட்கார்ந்து, பொதுவுல கிடைக்கிற தளங்களை வெச்சு. முறை ரொம்ப சாதாரணம்: அவன் சென்சாரை ஒரே ஒரு நீள வாக்கியமா எழுதிக்குவேன், அதைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம். எந்தப் பழைய ஆவணத்துல எந்தத் துண்டு இருக்கோ அந்தக் கட்டத்துல டிக். ரெண்டு எல்இடி, டிக். விகிதம், டிக். பின்னால நிறத் தகடு, வேற ஒரு துறையில, ஆனாலும் டிக். சுத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல வர்ற பழுதைத்தான் நம்பறது, டிக். லென்ஸை ஊதிச் சுத்தம் பண்றது, அது டிக் போடவே வெட்கமா இருக்கிற அளவுக்குப் பழசு. சிமெண்ட் ஆலையில, எஃகு ஆலையில எல்லாம் ஊதிக்கிட்டேதான் இருக்காங்க.

அஞ்சாவது நாள் சனிக்கிழமை, கோவை எக்ஸ்பிரஸைப் பிடிச்சு நேர்லயே போயிட்டேன். இந்த மாதிரிச் செய்தியைப் போன்ல சொல்லக் கூடாது.

ஷெட்டுல ஆறு மிஷினும் ஓடுது. பேச்சே கேட்காது. பார்த்துக்கிட்டே நிக்கும்போது மூணாவது மிஷின்ல சென்சார்ல மஞ்சள் விளக்கு எரிஞ்சது. மிஷின் நிக்கலை. "புஸ்"ஸுன்னு ஒரு ஊது. விளக்கு அணைஞ்சது. மிஷின் பாட்டுக்கு ஓடுது.

"இப்ப என்னடா நடந்துச்சு?"

"அதுங்களா மச்சான், பழுதுன்னு சந்தேகம் வந்தா உடனே நிறுத்தாதுங்க. ஒரு தடவை ஊதிப் பார்க்கும். ஊதினதும் விகிதம் பழையபடி வந்துட்டா அது பஞ்சு, உட்டுரும். வரலைன்னா அடுத்த சுத்துல அதே இடத்துல இருக்கான்னு பார்த்து நிறுத்தும். பஞ்சு கட்டியாத் தொங்கி ஒரு எல்இடியை மட்டும் மறைச்சா விகிதம் ஏமாந்து போயிருதுங்களே, அதுக்காவ."

அதுவரைக்கும் நான் டிக் அடிச்ச காத்து, நேரம் பார்த்துச் சுத்தம் பண்ற காத்து. இது வேற. இந்த ஊது சுத்தம் பண்றதுக்கு இல்லை, ஒரு கேள்வி கேட்கறதுக்கு. "நீ பஞ்சா, பழுதா?" பதில் வெளிச்சத்துல வருது. நோட்டுல புதுசா ஒரு கட்டம் போட்டேன். திரும்ப வந்து இன்னும் மூணு ராத்திரி தேடினேன், அந்தக் கட்டத்துல டிக் விழலை. இல்லவே இல்லைன்னு அர்த்தம் இல்லை, நான் தேடின இடத்துல இல்லை. எங்க தொழில்ல இதுக்கு மேல யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க.

இதுல சட்டத்துல இன்னொரு முள் இருக்கு. பிரிவு 3(எஃப்): தெரிஞ்ச சாமான்களை, அதது அதது வேலையைத் தனித்தனியாப் பார்க்கிற மாதிரி வெறுமனே அடுக்கி வெச்சா அது கண்டுபிடிப்பு இல்லை. நாசில் பாட்டுக்கு ஊதி, சென்சார் பாட்டுக்குப் பார்த்தா அவ்வளவுதான், முடிஞ்சது கதை. ஆனா இங்கே ஊதினதால வர்ற மாற்றமே சென்சாரோட முடிவுக்குச் சாட்சி. ஒண்ணுல்லாம ஒண்ணு இல்லை. 3(கே)ன்னு ஒண்ணு, வெறும் கணக்கும் வெறும் புரோகிராமும் கூடாதுங்கறது. விகிதக் கணக்கை மட்டும் கேட்டா அதுல மாட்டும், வால்வும் எல்இடியும் சேர்ந்த கருவியாக் கேட்டா வாதாட இடம் இருக்கு. என் கணக்குல ரெண்டு வெளிச்சம் போச்சு, ஊது நிக்கும். நிக்கும்னா, சண்டை போடலாம்ங்கிற அளவுக்கு.

அடுத்தது இன்னும் பயங்கரமான கேள்வி. "மாப்ள, இதை யாருக்கெல்லாம் காட்டியிருக்கே?"

பக்கத்து ஷெட்டுக்கு மூணு சென்சார் வித்திருக்கான்! நாப்பது செகண்ட் வீடியோ எடுத்து யூடியூப்ல வேற போட்டிருக்கான், பாட்டோட. எனக்கு நெஞ்சு அடைச்சுது. நாமே முன்னாடி வெளியிட்டாலும் அது நமக்கே எதிரா நிக்கும். அமெரிக்காவுல ஒரு வருஷம் பொதுவான சலுகை உண்டு. இங்கே அப்படி இல்லை, அரசிதழ்ல அறிவிச்ச கண்காட்சி, ஆய்வுச் சங்கத்துல வாசிச்ச கட்டுரை, தவிர்க்க முடியாத சோதனை ஓட்டம்னு சில சந்துகள் மட்டும்தான். வித்தது சோதனை ஓட்டம் ஆகாது. நல்லவேளை, விசாரிச்சா, வித்ததும் வீடியோவுல இருக்கிறதும் பழைய மாடல். அதுல காத்து டைமர்ல ஊதும். கேள்வி கேட்கிற ஊது ரெண்டு மாசமா அவன் ஷெட்டுக்குள்ள மட்டும்தான். வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கிட்டேன். பாட்டு சகிக்கலை.

சரி, மனு எழுத உட்கார்ந்தோம். படிவம் 1ல கண்டுபிடிப்பாளர் பேர் எழுதற இடம் வந்தது. சும்மாத்தான் கேட்டேன், "இந்த ஊதற யோசனை எப்படித் தோணுச்சு?"

கொஞ்சம் தயங்கினான். அப்புறம் சொன்னான். அவன்கிட்ட ஒன்பது வருஷமா இருக்கிற ஆப்பரேட்டர், ஒடிசாக்காரர். சென்சார் சும்மா சும்மா மிஷினை நிறுத்தின காலத்துல மத்தவங்க ஒயரைப் பிடுங்க, இவர் மட்டும் ஏர் கன்னை எடுத்து ஒரு ஊது ஊதி, ரீசெட் அமுக்கிப் பார்ப்பாராம். மறுபடி நின்னா துணியைப் பார்ப்பார். நிக்கலைன்னா போயிடுவார். "நம்ம கையால பண்றதை இதுவே பண்ணட்டுமே அண்ணா"ன்னு சொன்னதும் அவர்தான். சர்க்யூட்டும் வால்வும் புரோகிராமும் மாப்ளை.

"அப்போ ரெண்டு பேர் பேர் போடணும்"னேன்.

"ஏனுங் மச்சான், அவரு ஒரு வார்த்தை சொன்னாரு. ஒரு வருஷம் ராத்திரி தூங்காம உக்காந்தது நானுங்க."

அவன் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்லை. சொன்னபடி சால்டர் வெச்சவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார், "ஓட்டையைப் பிடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணு"ன்னு ஆசைப்பட்டவரும் ஆக மாட்டார். ஆனா இந்த மனுவுல நாம காசு கட்டிக் கேட்கப் போறது எதை? ரெண்டு வெளிச்சத்தையா? அது போச்சு. மிச்சம் இருக்கிறது அந்த ஊது ஒண்ணுதான். அதை முதல்ல யோசிச்சுச் செஞ்சு பார்த்து, எப்படிச் செய்யணும்னும் சொன்னவர் ஷெட்டுல ஏர் கன்னோட நிக்கறார். மனுவுல உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் யார்னு உறுதிமொழி கேட்கிறான். மறைச்சு வாங்கினா நாளைக்கு அதை வெச்சே எவனாவது பேட்டன்டை உடைக்கலாம். இதெல்லாம் சட்டம். சட்டம் இல்லாட்டியும் நான் அந்தப் படிவத்தை அப்படி நிரப்பிக் கொடுத்திருக்க மாட்டேன், அதையும் சொல்லிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அவன் என்கூடப் பேசலை. சாப்பாட்டுல அவன் பொண்டாட்டிதான், பரிமாறிக்கிட்டே, "ஒடிசாக்காரண்ணன் பேரு போட்டா நகை வெக்கறது கம்மியாகுங்களா அண்ணா?"ன்னுச்சு. நகையே வேண்டாம்மான்னேன். தனி ஆள் ஆன்லைன்ல தற்காலிக மனு போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பன்னிரண்டு மாசத்துக்குள்ள முழு விவரக்குறிப்பு கொடுக்கணும். பரிசோதனைக்கு 4,000, அதுக்கு 31 மாசம் டைம் இருக்கு. ஏஜென்ட் கட்டணம் தனி, அதுதான் கடிக்கும், ஆனா அது அடுத்த வருஷக் கவலை. வெளிநாட்டு மனு நம்ம தலைக்கு மேல. எந்த நாட்டுல போடலையோ அங்கே எவன் வேணா செஞ்சுக்கலாம்னு தெரிஞ்சே விட வேண்டியதுதான்.

காலையில மாப்ளையே அந்த ஆப்பரேட்டரைக் கூட்டிட்டு வந்தான். ஷிப்ட் முடிஞ்சு தலையெல்லாம் பஞ்சு. நான் விளக்கினேன். நல்லாத் தமிழ் பேசறார், என்னை விட திருப்பூர்த் தமிழ். முழுசாக் கேட்டுட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா நான் ஊருக்குப் போகக் கூடாதுன்னு எதாச்சும் இருக்குங்களா?"ன்னார்.

இல்லைன்னேன். மனுதாரர் மாப்ளை, கண்டுபிடிப்பாளர் ரெண்டு பேர், உரிமையை மாப்ளைக்கு எழுதித் தர்றதுக்கு ஈடா விக்கிற ஒவ்வொரு சென்சாருக்கும் இவருக்கு ஒரு தொகை. தொகையை அவங்க ரெண்டு பேரும் வெளியில வேப்பமரத்தடியில நின்னு பேசி முடிச்சாங்க. எவ்வளவுன்னு நான் கேட்கலை. தனித்தாள்ல எழுதி ரெண்டு சாட்சி வாங்கச் சொன்னேன். அவர் பேரை ஆதார்ல இருக்கிற எழுத்துப்படியே அடிச்சோம், மூணு தடவை சரி பார்த்தார்.

தற்காலிக மனு போன மாசம் கிண்டி ஆபீஸ் கணக்குல ஏறிடுச்சு, நம்பர் வந்தாச்சு. இப்போ முழு விவரக்குறிப்புக்குப் படம் வரையணும். ஊதினதுக்கு முன்னாடி, பின்னாடி விகிதம் எப்படி மாறுதுன்னு ஒரு நூறு தடவையாவது பதிவு பண்ணி அனுப்புன்னு மாப்ளைகிட்ட சொல்லியிருக்கேன். பதிமூணு வந்திருக்கு. எழுத்து ஆப்பரேட்டரோடது, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "பஞ்சு", "ஊசி"ன்னு எழுதியிருக்கார். ஒரு இடத்துல மட்டும் "தெரியல"ன்னு இருக்கு. அந்தத் துண்டுத் துணியையே வெட்டிக் கவர்ல போட்டு அனுப்பச் சொல்லியிருக்கேன்.